அறுபத்து மூன்றாம் கட்டம்

ஆவணி 14, வெள்ளி

உ
சிவசிவ

நமசிவாய 108 எழுதி முடித்தேன். இது நாற்பத்தோராவது நோட்டு. காலையில் சிலிண்டர் மாற்றினேன். போன சிலிண்டர் தொண்ணூற்றிரண்டு நாள் வந்தது. அவர் இருந்தபோது நாற்பது நாள்.

பால் காயும் நேரத்தில் சென்னையிலிருந்து மங்கை ஃபோன் செய்தாள். அவள் வரைந்துகொண்டிருக்கும் புத்தகத்தைப் போட ஒருவர் ஒப்புக்கொண்டாராம். கிராஃபிக் நாவல் என்றாள்.

"அப்படின்னா என்னட்டி?"

"படக்கதைதாம்மா. ஆனா பெரியவங்க படிக்கிறது."

"பெரியவங்களுக்கு எதுக்குப் படம்?"

சிரித்தாள். பிறகு, "நானும் முப்பிடாதியும்தாம்மா கதை" என்றாள். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டுத் துடைத்தேன்.

முப்பிடாதி எங்கள் பின்சந்தில் பீடி சுற்றும் பேச்சியம்மாளின் மகள். மங்கைக்கு ஒரே சேக்காளி. இரண்டு பேருமாக ஒரு நோட்டில் படக்கதை போடுவார்கள். கோடு போடாத நாற்பது பக்க நோட்டு. ஒரு கட்டம் மங்கை, அடுத்த கட்டம் அவள். இரண்டு பிள்ளைகள் ஆட்டுக்குட்டி மேல் ஏறித் திருச்செந்தூர் கடலுக்குப் போகிற கதை. அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தார்கள்: ஒருத்தி போட்டதை மற்றவள் அழிக்கக் கூடாது, அதிலிருந்துதான் மேலே போகவேண்டும். பதினோரு வயதில் முப்பிடாதி அம்மை கண்டு போய்விட்டாள். இருபத்து மூன்று வருஷம் ஆகிறது.

ஆவணி 15, சனி

சனிப் பிரதோஷம். நமசிவாய 216. வேறு ஒன்றும் இல்லை.

ஆவணி 19, புதன்

உளுந்து காயப் போட்டேன். இரண்டு தடவை மழை வந்து இரண்டு தடவை எடுத்தேன்.

மங்கை ஃபோனில் கேள்வியாகக் கேட்கிறாள். முப்பிடாதிக்கு என்றைக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது, வாசலில் வேப்பிலை எந்தப் பக்கம் கட்டியிருந்தது, நான் அன்று என்ன சேலை.

"வாசல்ல நின்னுதான நோட்டைக் குடுத்தே? இல்ல, உள்ள போனியா?"

"பிள்ளையைப் பாக்கப் போனப்போ உள்ளதான் போனேன்."

"அறுபத்திரண்டாவது கட்டம் போட்டு அனுப்பினேன். ஆட்டுக்குட்டி கடலைப் பாத்ததும் மிரண்டு நிக்குது. அதைப் பாத்துட்டு அவ என்ன சொன்னா? இன்னொரு தடவை சொல்லேன்."

"சிரிச்சா. சொகமானதும் போட்டுத் தாரேன்னா."

"எப்படிச் சிரிச்சா?"

"எப்படிச் சிரிப்பா? பிள்ளைங்க சிரிக்கிற மாதிரித்தான்."

அந்தச் சிரிப்பை ஒரு முழுப் பக்கத்துக்கு வரைந்திருக்கிறாளாம். புத்தகமே அதில்தான் முடிகிறதாம்.

முப்பிடாதி போனதும் மங்கை மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். சிரித்தாள் என்று சொன்ன பிறகுதான் ஒரு வாய் ரசம்சாதம் இறங்கியது. பிள்ளையைச் சாப்பிட வைக்கத் தாய் சொல்வது பொய்க் கணக்கில் வராது.

ஆவணி 26, புதன்

மங்கை கேட்டதிலிருந்து எல்லாம் மேலே மேலே வருகிறது. எழுதி வைத்துவிட்டால் அடங்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான். கோயிலில் ஓதுவார் பாடுவதைத் தூண் ஓரம் நின்று கேட்டே பதிகங்கள் பாடம் செய்தேன். மங்கையின் அப்பாவுக்குப் பெரியாஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை அறையில் வேலை. அவர் படித்துப் போட்ட பேப்பரை வைத்து நானாக வாசிக்கப் பழகினேன். அதனால் எங்கள் தெருவிலும் பின்சந்திலும் யாருக்கு அம்மை போட்டாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் வாசலில் வேப்பிலை ஏறும். அம்மை இறங்கியதும் தலைக்கு மூன்று தண்ணீர் என்றைக்கு ஊற்றுவது என்பதும் என் வாய்ச்சொல்தான். ஒரு தடவையும் தப்பியதில்லை.

பேச்சி வந்து கூப்பிட்டாள். போனேன். பிள்ளைக்குக் கையிலும் நெஞ்சிலும் சிவப்பாகப் பொரிந்திருந்தது. "தாய் வந்திருக்கா. மருந்து மாத்திரைன்னு ஒண்ணும் குடுத்திராத, கோவிச்சுக்கிடுவா" என்றேன். பேச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் அவர் சாப்பிடும்போது கேட்டார். "பின்சந்துல கொசுக்காய்ச்சல் நெறையா இருக்காம். யாருக்காவது காய்ச்சலா?"

"இல்ல. பேச்சி மகளுக்கு அம்மை போட்டிருக்கு, அவ்வளவுதான்" என்றேன்.

அவருக்கு எதைச் சொன்னாலும் ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்பார். தாய் குடிவந்திருக்கும் உடம்பில் ஊசி குத்தலாமா?

புரட்டாசி 5, சனி

முதல் சனி. எள்சாதம். மங்கை வந்திருக்கிறாள். வரைந்த தாள்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்தாள். மத்தியானம் முழுக்கக் கூடத்தில் பரப்பி வைத்துப் பார்த்தேன்.

நன்றாகத்தான் வரைந்திருக்கிறாள். எங்கள் வீட்டு அடிபம்பு அப்படியே இருக்கிறது. அவர் கண்ணாடி போட்டு வெள்ளைக் கோட்டில் வருகிறார். நான்தான் கொஞ்சம் உயரம் கூடிவிட்டேன். நெற்றியில் திருநீறு, கையில் வேப்பிலை, கிட்டத்தட்ட அம்மன் மாதிரி.

"மூக்கை எதுக்குட்டி இவ்வளவு பெருசாப் போட்டிருக்க?"

"உள்ளதைத்தான் போட்டேன்."

ஒரு பக்கம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அடிபம்பு ஓரம் முப்பிடாதி குனிந்து கையைக் குவித்து நிற்கிறாள். நான் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறேன். பக்கத்தில் மங்கை டம்ளரில் குடிக்கிறாள்.

"இது வேண்டாம்."

"நடந்துச்சேம்மா."

"இப்பல்லாம் அப்படியா இருக்கேன்?"

"இது இப்ப இல்லல்ல" என்றாள். தாள்களை அடுக்கிக்கொண்டே, "அந்த நோட்டு மட்டும் இருந்தா அசலையே அச்சில போட்டிருக்கலாம். அவ உடுப்போட சேத்து எரிச்சுட்டாங்கன்னுதான சொன்னே?" என்று கேட்டாள்.

"அம்மை கண்ட வீட்டுல வேற என்ன செய்வாங்க?"

திங்கள்கிழமை பேச்சியைப் பார்க்கப் போகப்போகிறாளாம். பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறாள் என்று விசாரித்து வைத்திருக்கிறாள். ஆறின புண்ணைக் கிளறாதே என்றேன். கேட்கவில்லை.

புரட்டாசி 7, திங்கள்

மங்கை போய்விட்டு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் நடையிலேயே நின்றாள்.

"அம்மா, பேச்சித்தை வேற சொல்றாங்க."

"என்ன சொல்லுதா?"

"அவ படம் போட்டாளாம். வியாழக்கிழமை. தலையணையை முட்டுக்குடுத்து உக்கார வச்சாங்களாம். அரை மணி நேரம் போட்டாளாம். நோட்டை நீ வந்தப்போ உன் கையிலதான் குடுத்தாங்களாம்."

புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்து முடித்தேன்.

"இருபத்து மூணு வருசம் ஆச்சு. பெத்த பிள்ளையைத் தூக்கிக் குடுத்தவ. அவ புத்தி எதை எதோட முடிச்சுப் போட்டிருக்கோ."

"சிவப்பு பென்சில் கேட்டு அழுதாளாம்மா. அதுகூட ஞாபகம் இருக்கு அவங்களுக்கு."

"குங்குமத்தை எடுத்துப் படத்துக்குப் பூச எந்தத் தாயாவது விடுவாளா? எல்லாம் அவ கனவு."

மங்கை என்னையே பார்த்தாள். "குங்குமம்னு யாரு சொன்னா?"

"வேப்பிலை கட்டின வீட்டுல வேற செவப்பு ஏதுட்டி?"

அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றினாள். நாளைக்குப் பேச்சியை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாளாம். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் யாருக்காவது ஞாபகம் வருமாம்.

நமசிவாய 108. ஏழு வரி அடித்துத் திருப்பி எழுதினேன்.

புரட்டாசி 8, செவ்வாய்

பேச்சி வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. நடையிலேயே நின்றாள். மங்கை கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கியளா யக்கா? அண்ணாச்சி போனது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரியும். வர முடியல."

"எல்லாம் அவன் செயல்" என்றேன்.

மங்கை சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள். "அத்தை, நேத்து சொன்னியளே, அதை அம்மாட்ட சொல்லுங்க."

பேச்சி என்னைப் பார்த்தாள். "வியாழக்கிழமை யக்கா. நீங்க வேப்பிலை மாத்த வந்திய. நோட்டை ஒரு பாலிதீன் பையில போட்டு உங்க கையில..."

"பேச்சி" என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. "நல்லா யோசிச்சுப் பாரு. நான் வியாழக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேனா? குருவாரம் நான் மௌன விரதம். வாசல் தாண்ட மாட்டேன். தெருவுக்கே தெரியும்."

அவள் கையை மடியில் வைத்துப் பீடி சுற்றுவதுபோல விரல்களை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"செவ்வாக்கிழமை நோட்டைக் குடுத்தேன். பிள்ளை பாத்துச் சிரிச்சா. பொறவு நான் அதைக் கண்ணால பாக்கல. நீ அந்த நேரத்துல எந்த நெலமையில இருந்தே? அன்னாகாரம் இல்ல, தூக்கம் இல்ல. உன் மேல தப்புச் சொல்லல. மனசு அப்படித்தான், இல்லாததை இருந்ததாக் காட்டும்."

பிறகு பேச்சி மங்கையிடம் சொன்னாள். "யக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும் தாயி. நான்தான் மாத்திச் சொல்லுதேன் போல. நான் என்ன படிச்சவளா?"

"அத்தை, நேத்து அவ்வளவு நிச்சயமாச் சொன்னியளே."

"நேத்து ஏதோ சொல்லிட்டேன். விட்டுரு தாயி."

எழுந்தவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்ன மாதிரியே மூணு நேரமும் வேப்பிலை மாத்துனேன் யக்கா. ஒரு மாத்திரை குடுக்கல. எதுத்த வீட்டுக்காரி ஆட்டோவே கூட்டிட்டு வந்துட்டா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு. திருப்பி அனுப்பிட்டேன். அதுல எதுவும் குறை வச்சிட்டனான்னுதான் இன்னிக்கும் நெனைச்சுக்கிட்டு இருக்கேன். குறை இல்லையே யக்கா?"

"இல்ல. தாய் எடுத்துக்கிட்டா. நம்ம கையில என்ன இருக்கு?"

அவள் கும்பிட்டாள். நான் டம்ளரில் காப்பி கொடுத்தேன், எங்கள் டம்ளரில்தான். மங்கை பார்க்கட்டும் என்று. பேச்சி அதை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடித்தாள். சேலையிலெல்லாம் சிந்திக்கொண்டாள். போகும்போது டம்ளரை அவளே அடிபம்பில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

படியில் நின்று ஒன்று சொன்னாள். "அதுல என்ன போட்டான்னு எனக்குந் தெரியாது. கையை வச்சு மறைச்சு மறைச்சுப் போட்டா. மங்கைக்கு மட்டும்தான்னா." உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போடவே இல்லையோ என்னவோ."

நல்லது. அப்படியென்றால் யாருக்கும் தெரியாது.

புரட்டாசி 9, புதன்

மங்கை ஊருக்குப் போனாள். தோசைப்பொடி, நார்த்தங்காய் கொடுத்துவிட்டேன். பஸ் ஏறும்போது, "நான் உன்னை நம்புறேம்மா" என்றாள். நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது? கேட்காமலே சொன்னாள், அதுதான் என்னவோ போல இருந்தது.

புரட்டாசி 25, வெள்ளி

சரஸ்வதி பூஜை. சுண்டல், சர்க்கரைப் பொங்கல், வடை.

பரணிலிருந்து பெட்டியை இறக்கி நோட்டுகளை எடுத்துப் பூஜையில் அடுக்கினேன். எழுதி முடித்த நாற்பது. அவற்றுக்கு அடியில் அது. இருபத்து மூன்று வருஷமாக ஒவ்வொரு பூஜைக்கும் அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிடுவேன். அட்டையில் வரிசையாக இருக்கின்றன. இன்றையதோடு இருபத்து நான்கு.

எரித்துவிடத்தான் அன்றைக்கு வெந்நீர் அடுப்புக்குக் கொண்டுபோனேன். முதல் பக்கத்தில் பிள்ளையார். எட்டாம் பக்கத்தில் மயில் மேல் முருகன். சாமி படம் போட்ட தாளைத் தீயில் இடலாமா? படிக்கிற நோட்டு வேறு, சரஸ்வதி. மேலே வைத்துவிட்டேன். பக்தி இல்லாத வீடாக இருந்தால் அன்றைக்கே சாம்பலாகியிருக்கும்.

மங்கை ஃபோன் செய்தாள். முடிவை மாற்றிவிட்டாளாம். சிரிக்கிற பக்கத்தை எடுத்துவிட்டாள். "எனக்கு அதுல இப்ப ஒரு சந்தேகம் வந்திடுச்சும்மா. உன் மேல இல்ல. என் மேலதான்." கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் போட்டு, 63 என்று எண் எழுதி, உள்ளே ஒன்றும் வரையாமல் விட்டுவிட்டாளாம்.

"காலியா விட்டா அச்சுப் பிழைன்னு நினைக்க மாட்டாங்களா?"

"அது அவ முறைம்மா. அவ போடலைன்னா காலியாத்தான் இருக்கணும்."

ஐப்பசி 1, வெள்ளி

ஐப்பசி முழுக்குக்குத் தாமிரபரணிக்குப் போனேன். அதையும் துணிப்பையில் எடுத்துப் போனேன். தெய்வப் படங்களைத் தண்ணீரில் விடலாம், சாத்திரத்தில் இடம் உண்டு.

முழுகி எழுந்து, பையிலிருந்து எடுத்து நீட்டும்போது படித்துறையில் பெருக்குகிற பெண் கத்தினாள்.

"யம்மா, அதைப் போடாதீய. வீட்டுக் குப்பையெல்லாம் ஆத்துலதானா?"

"குப்பை இல்லம்மா. சாமி படம்."

"சாமின்னா வீட்டுலயே வச்சுக் கும்பிடுங்க. இங்க எதுக்குத் தள்ள வாரிய? நேத்து மட்டும் பதினேழு சாமியைப் பொறுக்கிப் போட்டிருக்கேன்."

நாலு பேர் சிரித்தார்கள். ஈரச்சேலையோடு திரும்பி வந்தேன். நோட்டின் ஒரு ஓரம் நனைந்திருந்தது. வெயிலில் உளுந்துக்குப் பக்கத்தில் காய வைத்து, மறுபடி மேலே வைத்தேன்.

கார்த்திகை 10, திங்கள்

சோமவாரம். ஒரு பொழுது. முழங்கால் வலி.

கார்த்திகை 24, திங்கள்

புத்தகம் கூரியரில் வந்தது. கனமான தாள். முதல் பக்கத்தில், "வேப்பிலை கட்டிய வாசலுக்குள் பயப்படாமல் போய்வந்த அம்மாவுக்கு" என்று அச்சாகியிருக்கிறது. தெருவில் நான்கு வீட்டுக்குக் காட்டினேன். எல்லோரும் மெச்சினார்கள்.

கடைசிப் பக்கத்தில் அந்தக் கட்டம். எண் மட்டும். உள்ளே வெள்ளை.

மங்கை ஃபோன் செய்தாள். அந்தப் பக்கத்தை மட்டும் முன்னாலேயே நிறையப் பேருக்கு ஃபோனில் அனுப்பினார்களாம். பிள்ளைகள் அதை நிரப்பி அனுப்புகிறார்களாம். ஒருவன் ஆட்டுக்குட்டிக்கு நீச்சல் சட்டை போட்டிருக்கிறான். ஒருத்தி இரண்டு பேரையும் கடலுக்குள் மீனாக்கிவிட்டாள்.

"பேச்சித்தைக்கு ஒண்ணு கொண்டு குடுத்தாங்கம்மா, எங்க பதிப்பகத்து ஆளு. அவங்க வேற எந்தப் பக்கமும் பாக்கலையாம். காலியா இருக்கிற கட்டத்தை மட்டும் விரலால தடவிக்கிட்டே இருந்தாங்களாம்."

"வயசாயிட்டு அவளுக்கு" என்றேன்.

தீபத்துக்கு வருகிறாள். பரணைச் சுத்தம் செய்ய ஆள் சொல்லியிருக்கிறாளாம். முழங்கால் வலியோடு நான் ஏணியில் ஏறக் கூடாதாம்.

கார்த்திகை 26, புதன்

உ
சிவசிவ

பெட்டியை இறக்கினேன். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். முதல் தடவை என்பது சரியில்லை. இரண்டாம் தடவை.

பாயில் ஒரு பிள்ளை படுத்திருக்கிறாள். ஆட்டுக்குட்டி தலைமாட்டில் நிற்கிறது. பிள்ளையின் மூக்கிலிருந்து வாய் வரைக்கும் இரண்டு சிவப்புக் கோடு, குங்குமத்தை எச்சில் தொட்டுப் பூசினது. இப்போதும் விரலில் ஒட்டுகிறது. பக்கத்தில் கண்ணாடி போட்ட வெள்ளைக் கோட்டு ஆளை வரைந்து, அவர் பக்கமாக ஒரு அம்புக்குறி. மேலே எழுத்து: மங்கை வயிறு ரொம்ப வலிக்கி ரத்தமா வருது மாமாவக் கூட்டியா உங்கம்மாட்ட சொன்னா திட்டும்.

அதற்கடியில் அடுத்த கட்டத்துக்கும் கோடு கிழித்து 64 என்று போட்டு, உன் முறை என்று எழுதியிருக்கிறாள்.

அன்றைக்குச் சந்து முனையிலேயே நின்று வாசித்துவிட்டேன். வியாழக்கிழமைதான். வீட்டுக்குள் வந்தபோது அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். பை என் இடுப்பில் இருந்தது. தாய் இறங்கும்போது அப்படியெல்லாம் விளையாட்டுக் காட்டுவாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் பார்த்துச் சொன்னது ஒரு தடவையும் தப்பியதில்லை. அவருக்கு மோர் ஊற்றினேன். கை கழுவும்போது, "பேச்சி மக எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"எறங்கிட்டு. நாளைக்குத் தண்ணி ஊத்தணும்" என்றேன்.

சனிக்கிழமை விடியற்காலை போய்விட்டாள். அவர் சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "ஆவுடை, எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே." பிறகு சாகிறவரை அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

கார்த்திகை 27, வியாழன்

நாளை தீபம். விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்தேன். பொரி உருண்டை முப்பத்திரண்டு பிடித்தேன். மங்கை காலை ரயிலில் வருகிறாள். நாற்பது சிவநாம நோட்டையும் கீழே என் பீரோவுக்கு மாற்றிவிட்டேன். அது நடுவில் இருக்கிறது, தாயத்துக் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. அம்மாவின் சாமி நோட்டை அவள் பிரிக்க மாட்டாள். சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தது.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. காலையில் குளித்துவிட்டு மங்கையின் புத்தகத்தை எடுத்தேன். அந்த வெள்ளைக் கட்டம் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. நல்ல பேனாவாகப் பார்த்து, மேல் மூலையிலிருந்து ஆரம்பித்து நமசிவாய எழுதினேன். பொடி எழுத்தாக, நெருக்கி நெருக்கி. நூற்றியெட்டும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. ஒரு எள் போட இடமில்லை.

மங்கை பார்த்தால் சந்தோஷப்படுவாள். எல்லோரும்தான் நிரப்பி அனுப்புகிறார்களே.

இன்றைய கணக்கு 108.